ப்ளீச்சுக்குக் காற்று

கலர் ஃபிலிமை வீட்டிலேயே கழுவினால், படத்தில் இருப்பவர்களை ஃபிலிமில் பதித்த வெள்ளி, அவரவர் உருவத்தில் அந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். டெவலப்பர் ஊற்றியதும் வரும். ப்ளீச் ஊற்றினால் எழுந்து நிற்கும். ஃபிக்ஸர் ஊற்றினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி, யாருடைய வெள்ளியோ அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு ஃபிலிமில் வண்ணம் மட்டும் இருக்கும். உடுமலைப்பேட்டையில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பதால், யார் வீட்டிலாவது ஃபிலிம் கழுவுகிறார்கள் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு நாற்காலி சேர்த்துக் கொடுத்து உதவுவார்கள்.

வழக்கமாக அரை மணி நேரத்து வேலை. டிகாஷன் இறங்குவதற்குள் விருந்தாளிகள் வந்து, உட்கார்ந்து, எழுந்து, தெருமுனை தாண்டியிருப்பார்கள். நாச்சிமுத்துவின் வீட்டில்தான் ஆடி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்த நான்கு வெள்ளிகள் போகவில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். மூன்று நாள் கழிந்து, அதற்கு மேல் ஒரு வாரமும் கழிந்துவிட்டது.

நாச்சிமுத்துவுக்குக் காற்றாலைக் கம்பெனி ஸ்டோரில் வேலை. காலை ஒன்பது மணியிலிருந்து போல்ட்டும் நட்டும் கிரீஸ் டப்பாவும் எடுத்துக் கொடுப்பார். சாயங்காலம் கேமராவை எடுத்துக்கொண்டு போய் அதே காற்றாலைகளைப் படம் பிடிப்பார். பகலெல்லாம் பார்த்தது போதாதா என்று அவர் மனைவி சுலோச்சனா இருபத்தாறு வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். போதாது என்பதால்தானே பிடிக்கிறார். இந்த ரோலிலும் முப்பத்தாறு படத்தில் முப்பத்தைந்தும் ஒரே காற்றாலைதான். காற்றாலைக்கு வெள்ளி வராது. நின்ற இடத்திலேயே நிற்பவை யார் வீட்டுக்கும் வந்து உட்காருவதில்லை.

மீதி ஒரு படம், இருபத்து மூன்றாவது. மகள் மிருதுளா நாக்பூரில் வேலைக்குச் சேரக் கிளம்பிய காலையில் பேருந்து நிலையத்தில் எடுத்தது. சுலோச்சனா மகளின் தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டிருக்கிறாள். எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் மாரப்பன், கடைசி நிமிடத்தில் தேய்த்துக் கொண்டுவந்த சுடிதார்களை நீட்டிக்கொண்டிருக்கிறார். கோயம்புத்தூர் பஸ்ஸின் கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்து, போகலாமா வேண்டாமா என்று கேட்கிறார். நான்கு பேர், நான்கு வெள்ளி.

வெள்ளி என்றால் பளபளப்பாக ஒன்றும் இருக்காது. சாம்பல் போட்டுத் தேய்த்து, இன்னும் கழுவாத பாத்திரத்தின் நிறத்தில் இருக்கும். பேசாது, சாப்பிடாது. கண்டக்டரின் வெள்ளி மட்டும் உட்கார மறுத்து, ஃபேன் கம்பிக்குக் கீழே ஒரு கையை மேலே தூக்கியபடி நின்றது. மாரப்பனின் வெள்ளி கைகளைக் கட்டிக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. மிருதுளாவின் வெள்ளியும் சுலோச்சனாவின் வெள்ளியும் சோபாவில் ஒன்றை ஒன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. சுலோச்சனா சோபாவைக் கடக்கும்போதெல்லாம் மகளின் வெள்ளிக்குத் தலைமுடியை ஒதுக்கிவிடுவாள். தன்னுடையதை அவள் கண்டுகொள்வதில்லை.

முதல் தவறு நாச்சிமுத்துவினுடையது, அதை அவரே ஒப்புக்கொள்வார். அவர் ஊற்றியது ப்ளீச்சும் ஃபிக்ஸரும் ஒரே புட்டியில் கலந்த பழைய சரக்கு. எழுப்பிவிடுகிற வேலையையும் வழியனுப்புகிற வேலையையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் அவன் இரண்டையும் அரைகுறையாகத்தான் செய்வான். அதுவும் கலந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கழுவுகிற குட்டி டேங்கிலிருந்து ஃபிலிமை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வண்ணம் எல்லாம் உள்ளே இருந்தது. அதன் மேல், போகாத வெள்ளியின் கறுப்பு அடுப்படிச் சுவர் மாதிரி படிந்திருந்தது. கூடத்தை எட்டிப் பார்த்தார். நால்வரும் சௌகரியமாக இருந்தார்கள்.

வெள்ளி திரும்பி வராவிட்டால் உரியவருக்கு எடை குறையும். அவரும் அவருடைய வெள்ளியும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும்வரை குறையாது. அதனால் சுலோச்சனாவுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மாரப்பன் எதிர்வீடுதான் என்றாலும் கூரை வேறு. அவர் இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்திருக்கும்வரை தரையில் நின்றார். பெட்டிக்குக் கரி போட வேண்டும் என்றால் வண்டிச் சக்கரத்தில் காலை மாட்டிக்கொள்வார். தினமும் காலையில் ஜன்னல் வழியாகத் தன் வெள்ளியைப் பார்த்து, "சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டுப் போவார். கண்டக்டர் பஸ்ஸின் கூரையோடு ஒட்டி மிதந்தபடி டிக்கெட் கொடுக்கிறாராம். கூட்டத்தில் யார் காலையும் மிதிக்க வேண்டியதில்லை என்பதால் அவருக்குத் திருப்தி என்று கேள்வி.

மிருதுளாவுக்குத்தான் சிரமம். நாக்பூரில் அவள் ஆபீஸுக்கு, ஆள் வந்து நின்றால் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. அவள் வந்து நின்றால் அது திறக்கவில்லை. லிஃப்ட்டில் ஏறினால் ஆளே இல்லை என்று விளக்கு அணைந்துவிடுகிறது. வருகைப் பதிவு மெஷினில் விரலை வைத்தால் விரல் வைக்கவும் என்கிறது. அவள் தினமும் வேலை செய்கிறாள், தினமும் வரவில்லை என்று எழுதிக்கொள்கிறார்கள்.

"அப்பா, வர்ற திங்கக்கிழமைக்கு அடுத்த திங்கக்கிழமை வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காங்க," என்றாள் போனில். "அன்னைக்கும் கதவு தொறக்கலைன்னா வேற ஆளப் போட்டுக்குவாங்களாம்."

"தொறந்துரும் கண்ணு. ப்ளீச்சு மாத்தறேன்."

"ரூம்ல ஃபேன ஒண்ணுலதான் வெச்சுக்கறேன். ரெண்டுல வெச்சா செவுத்துப் பக்கம் போயிடறேன்."

நாச்சிமுத்துவுக்கு அன்று ஸ்டோரில் போல்ட்டுக்குப் பதில் வாஷர் எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு மனசு சரியில்லை. ஏழு வருடம் படித்து, மூன்று ஊரில் பரீட்சை எழுதி வாங்கிய வேலை. ஐந்து மாதத்துப் பழைய புட்டியால் அது போவதா?

கோயம்புத்தூரில் இந்த மருந்துகளை விற்கும் வின்சென்ட்டுக்குப் போன் போட்டார். வின்சென்ட் நிதானமான ஆள். வயிற்று வலிக்காரனிடம் நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிற வைத்தியர் மாதிரிதான் விசாரிப்பார்.

"கவலப்படாதீங்ணா. ப்ளீச்ல ஜாஸ்தின்னு ஒண்ணு கெடையாது, கம்மிங்கறதுதான் உண்டு. எத்தன வாட்டி வேணும்னாலும் திரும்பப் போடலாம், பகல் வெளிச்சத்துலயே போடலாம். படம் எங்கயும் போயிடாது. எதப் போடறதுங்கறதுதான் கேள்வி."

இரண்டு வகை இருந்தது. ஒன்று சிவப்பு உப்பு. தண்ணீரில் கரைத்து ஊற்றினால் ஒரு நிமிடத்தில் வேலை முடியும். வேகம் அதிகம், வெள்ளிகள் எழுந்திருக்கும்வரை காத்திருக்காது. கழுத்தில் கை வைத்துத் தள்ளிவிடும். சரியாக அலசாத ஃபிலிம் என்றால் கறையும் வைக்கும். இன்னொன்று கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருப்பது. மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆறரை நிமிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லி எழுப்பும். திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் சூடு வேண்டும், காற்று வேண்டும்.

நாச்சிமுத்து யோசிக்கவே இல்லை. தன் வீட்டுக்கு வந்தவர்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதா? அதிலும் ஒருத்தி மகள். இன்னொருத்தி மனைவி. மூன்றாமவர் கடனுக்குத் துணி தேய்த்துக் கொடுப்பவர். நாலாமவர் யார் எவர் என்று தெரியாதவர், அதனால் அவரைத் தள்ளுவது இன்னும் கேவலம். கருப்பட்டி நிறத்தையே அனுப்பச் சொன்னார்.

வியாழக்கிழமை பார்சல் வந்தது. பக்கெட்டில் வெந்நீர் வைத்து, அதில் புட்டியை இறக்கி, முப்பத்தெட்டு டிகிரி வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊற்றினார். ஆறரை நிமிடம். பிறகு அலசல். பிறகு ஃபிக்ஸர். கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஆகா, எழுந்துவிட்டார்கள் என்று சந்தோஷமாக டேங்கைக் குலுக்கினார். முடித்து, ஃபிலிமை வெளியே எடுத்துப் பார்த்தால் அதே அடுப்படிச் சுவர். கூடத்தில் நால்வரும் இருந்தார்கள். ஆளுக்கொரு டம்ளர் கையில்.

"சூடு கொறைஞ்சுருக்கும்ணா," என்றார் வின்சென்ட்.

வெள்ளிக்கிழமை பக்கெட் தண்ணீரை மூன்று முறை மாற்றினார். ஒரு டிகிரி கூட இறங்கவில்லை. நாற்காலி நகர்ந்தது. பிறகு மறுபடியும் நகர்ந்தது. ஃபிலிம் கறுப்பாகவே இருந்தது.

"முன்னாடி போட்ட மருந்து ஃபிலிம்ல தங்கியிருக்கும். நல்லா அலசுனீங்களா?"

சனிக்கிழமை பத்துத் தரம் அலசினார். திருமூர்த்தி அணைத் தண்ணீர், அதைப் போல அலசுகிற தண்ணீர் வேறு எங்கே கிடைக்கும்? வாளி வாளியாக ஊற்றினார். பலன் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; நாச்சிமுத்து அன்று தெர்மாமீட்டரைத் திட்டினார், டேங்கைத் திட்டினார், ப்ளீச்சைத் திட்ட வாயெடுத்து, அது இன்னும் உழைக்க வேண்டியிருக்கிறதே என்று நிறுத்திக்கொண்டார்.

"அப்பக் காத்துதான்," என்றார் வின்சென்ட். "ப்ளீச்சு வேலை செஞ்சு களைச்சுப் போச்சுங்ணா. அதுக்குக் காத்துதான் சாப்பாடு. மூடியே வெச்சா மூச்சு முட்டிக்கும். தெனம் சாயங்காலம் ஒரு நடை கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க."

ப்ளீச்சைக் காற்று வாங்கக் கூட்டிப்போவதும் ஊரில் புதிதல்ல. சாயங்காலம் குட்டைத் திடலில் நாலைந்து பேர் மூடி திறந்த புட்டிகளோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் களைத்துப்போன ப்ளீச்சுக்கு அந்தக் காற்று போதாது, காற்றாலைக் காடு வரை போக வேண்டும் என்றார் வின்சென்ட். பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வருகிற ஆடிக் காற்று வேறு எங்கும் தங்காமல் நேராக அங்கேதான் வரும்.

ஞாயிறு முதல் நாச்சிமுத்து சாயங்காலம் ஆனதும் புட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ரயில்வே கேட் வரை நடப்பார். அங்கே நின்று புட்டியைத் திறந்து நாலு குலுக்குக் குலுக்குவார். கேட்டுக்கு அந்தப் பக்கம் காற்றாலைக்குப் போகும் ரோடு தெரியும். மூட்டு வலிக்கிற மாதிரி இருக்கும். திரும்பிவிடுவார்.

திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் ஊற்றினார். மூன்று நாளும் கூடத்தில் நாற்காலி இரண்டு தரம் நகர்ந்தது.

வியாழக்கிழமை வின்சென்ட் போனில் எல்லாவற்றையும் முதலிலிருந்து விசாரித்தார். பிறகு, எல்லாம் கேட்டு முடித்தபின் கடைசியாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு என்பதைப் போலக் கேட்டார்.

"ஏனுங்ணா, வீட்ல யாராச்சும் அவிங்களுக்குக் காப்பி போட்டுக் குடுக்கறாங்களா?"

அன்று நாச்சிமுத்து குளியலறைக் கதவைச் சாத்தவில்லை. ப்ளீச் ஊற்றினார். ஐந்தாவது நிமிடம் கண்டக்டரின் வெள்ளி தூக்கிய கையைக் கீழே இறக்கியது. மாரப்பனின் வெள்ளி எழுந்து எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டது. மிருதுளாவின் வெள்ளி எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டது, கூடவே சுலோச்சனாவின் வெள்ளியும் எழுந்தது. அவர் அலசி முடித்து ஃபிக்ஸர் ஊற்றியபோது நால்வரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ப்ளீச் நல்ல ப்ளீச். அதன் மேல் ஒரு குறையும் இல்லை.

அப்போது சமையலறையிலிருந்து சுலோச்சனா தட்டோடு வந்தாள்.

"அதென்னங்க, அதுக்குள்ள கெளம்பிட்டீங்க? இந்த வெய்யில்ல எங்க போறீங்க? சித்த நேரம் உக்காருங்க, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போலாம்."

நால்வரும் உட்கார்ந்தார்கள். வேறு என்ன செய்ய முடியும்? ஒரு வீட்டில் கையில் டம்ளரைக் கொடுத்தபின் அதைக் காலி செய்யாமல் எழுந்து போவது மரியாதை இல்லை. வெள்ளிக்குக் குடிக்கத் தெரியாது. எனவே டம்ளர் காலியாவதில்லை. ஆறிய காப்பியில் ஏடு படியும்வரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாச்சிமுத்துவின் கையில் ஃபிலிம் மெல்ல மெல்லக் கறுத்தது.

அவர் டேங்கைக் கழுவி வைத்துவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்றார். கோபம் வந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். வரவில்லை. அவர் அம்மா வீட்டிலும் மாமியார் வீட்டிலும், வந்தவர்கள் எழுந்தால் உட்கார் என்று சொல்லாத ஆள் கிடையாது. அவரே கூட இன்று கூடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்.

"வாய் பழக்கத்துல வந்துருச்சா சுலோச்சனா?" என்றார்.

"இல்லீங்க," என்றாள் அவள். நாலு டம்ளரையும் தேய்த்துக்கொண்டிருந்தாள். "தெரிஞ்சுதான் சொன்னேன்."

"புள்ளைக்குக் கதவு தொறக்க மாட்டேங்குது."

"தெரியுது. ஆனா எந்திரிச்சு நிக்கறப்ப மொகத்தப் பாத்தனா, அன்னைக்கு பஸ் ஏறுனப்ப இருந்த அதே மொகம். அன்னைக்குத்தான் போ சாமின்னு சொல்லிட்டனே, தெனம் தெனம் எப்படிங்க சொல்றது?" அடுத்த டம்ளரை எடுத்தாள். "அவள மட்டும் இருன்னு சொல்லிட்டு மத்தவங்களப் போகச் சொன்னா நல்லாவா இருக்கும்? அதான் எல்லாத்துக்கும் சேத்துப் போட்டேன்."

அவளுக்குப் பதில் சொல்ல நினைத்தவர், தன்னைப் பற்றிச் சொன்னார்.

"நானும் காத்தாடிக் காட்டுக்குப் போகலை. ரயில்வே கேட்டோட திரும்பிட்டேன்."

"மூட்டு வலியா?"

"மூட்டு ஒண்ணும் வலிக்கலை."

சுலோச்சனா கடைசி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். கூடத்தில் மகளின் வெள்ளி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தது. டிவி அணைந்திருந்தது. இருவரும் போய் அதன் இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள். சுலோச்சனாவின் வெள்ளி நகர்ந்து இடம் கொடுத்தது.

அடுத்த நாள் காலையில் மிருதுளா போன் செய்தாள். அவள் உட்காரும் நாற்காலியை ஆளில்லாத நாற்காலி என்று வேறு அறைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம், அவளையும் சேர்த்து. திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் நடுவில் இருந்தது. வெள்ளி ரயிலேறிப் போக ஒன்றரை நாள் வேண்டும்.

"நாளைக்கே போட்டுருங்க," என்றாள் சுலோச்சனா.

சனிக்கிழமை நாச்சிமுத்து லீவு போட்டார். விடிந்ததும் புட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பி, ரயில்வே கேட்டில் நிற்காமல் போனார். காற்றாலைக் காட்டில் நடுவாக, தான் முப்பத்தைந்து தரம் படம் பிடித்த அந்தக் காற்றாலையின் கீழே உட்கார்ந்து மூடியைத் திறந்தார். காற்று புட்டியின் வாயில் ஊதியது. ப்ளீச் முதலில் சும்மா இருந்தது. பிறகு நுரைத்தது. பிறகு நிறம் ஏறி, பாகு போலச் சிவந்து, புட்டியே கையில் கனமாகிவிட்டது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அழுகை வந்தது, அழுதார். அங்கே அடிக்கிற காற்றில் கண்ணீர் கன்னத்துக்கு வருவதற்குள் காய்ந்துவிட்டது.

வீடு திரும்பினால் சமையலறையில் புளியோதரை மணந்தது. சுலோச்சனா நாலு பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போகிறவர்களுக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டால், இரு என்று சொல்ல வேண்டியதில்லை. போ என்றும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வழக்கம் அதற்காகத்தான் இருக்கிறது. இத்தனை நாள் அவள் இலை வாங்கவில்லை, அவ்வளவுதான்.

முப்பத்தெட்டு டிகிரி. ஆறரை நிமிடம். இந்த முறை கதவைச் சாத்திக்கொண்டார், பார்க்கத் தெம்பில்லை. நாற்காலி நகர்ந்தது. செருப்புகள் தேய்ந்தன. இலைப் பொட்டலங்கள் கை மாறும் சத்தம் கேட்டது. சுலோச்சனாவின் குரல் மட்டும் கேட்டது.

"கீழ தொங்க விட்டுக்காத, எண்ணெ வழியும். மத்தியானத்துக்குள்ள சாப்ட்ரு."

வாசல் கேட் திறந்தது. மூடியது. நாற்காலி மறுபடி நகரவில்லை.

ஃபிலிமை எடுத்து ஜன்னலில் பிடித்தார். இருபத்து மூன்றாவது படத்தில் கறுப்பே இல்லை. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் நிறத்தில் இருக்கும். பழகியவருக்குப் படிக்கத் தெரியும். நீலப்பச்சையாக இருந்தது சுலோச்சனாவின் அரக்குச் சேலை. பளிச்சென்று நீலமாக இருந்தது கனகாம்பரம். இவ்வளவு நிறத்தை அன்று காலையில் தான் பார்க்கவே இல்லையே என்று அவருக்குத் தோன்றியது. துணி கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். எதிர்வீட்டில் மாரப்பன் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு காலாலும் தரையில் நின்று சோம்பல் முறித்தார்.

திங்கட்கிழமையும் நாச்சிமுத்து லீவு. பதினொரு மணிக்குப் போன் வந்தது.

"அப்பா! கதவு தொறந்துருச்சு! நான் பத்தடி தள்ளி வரும்போதே தொறந்துருச்சு."

"லிஃப்ட்டு?"

"லிஃப்ட்டும் சரியாயிடுச்சு. ரெண்டு பேருன்னு காட்டுச்சு."

"ரெண்டு பேரா?"

"அம்மாவுதும் வந்திருக்குதுப்பா. கட்டுச்சோத்துப் பை கனமா இருந்துச்சுல்ல, ஒரு பக்கம் பிடிச்சுட்டு கூடவே வந்துருச்சாட்டம் இருக்குது. ஆபீஸ் வரைக்கும் வந்து விட்டுட்டு, இப்ப ரூமுக்குத் திரும்பிப் போயிருச்சு. என்ற சாமான் எல்லாம் எடுத்து ஒழுங்கா அடுக்கி வெச்சிருக்குது. இருக்கட்டும்ப்பா, எடமிருக்குது."

"அப்படியா. சரி கண்ணு. நல்லா வேலையப் பாரு," என்றார் நாச்சிமுத்து.

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். சுலோச்சனா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமாக ஸ்டூல் போட்டு ஏறித்தான் அந்தக் கொடிக்கு அவளுக்குக் கை எட்டும். ஸ்டூல் உள்ளேயே இருந்தது.

"கதவு தொறந்துருச்சாம்," என்றார்.

"தெரியும்," என்றாள் அவள், கடைசிச் சட்டையை உதறியபடி. முகம் அவ்வளவு திருப்தியாக இருந்தது. "அவ தனியா எப்படிங்க அவ்வளவு சாமான அடுக்குவா?"

அவர் உள்ளே போய் ஃபேனை ஒன்றில் வைத்தார். மத்தியானம் அவள் தூங்கும்போது மடியில் அம்மிக் குழவியை எடுத்து வைத்தார். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. குழவியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதால் நம்பிக்கையாக இருந்தது.

சாயங்காலம் ப்ளீச்சுக்கு நடை நேரம் வந்தது. நன்றாக உழைத்த ப்ளீச், அதைப் பட்டினி போடக் கூடாது. ஒரு கையில் புட்டியையும் இன்னொரு கையில் சுலோச்சனாவின் முந்தானையையும் பிடித்துக்கொண்டு நாச்சிமுத்து கிளம்பினார். குட்டைத் திடலில் புட்டிகளோடு உட்கார்ந்திருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டார்கள். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் காற்று வலுத்தது. காற்றாலைக் காட்டை அடைந்தபோது சுலோச்சனா அவர் தலைக்கு மேலே, ஒரு பனை உயரத்தில், சேலையை நன்றாகச் சுற்றிச் செருகிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் விடுங்க," என்றாள் மேலேயிருந்து.

சேலை தீர்ந்துவிட்டிருந்தது. நாச்சிமுத்து பையிலிருந்து ஃபிலிம் ரோலை எடுத்தார், முப்பத்தாறு படமும் ஒரே நீளமாக வெட்டாமல் இருந்தது. அதை முந்தானையில் முடிந்து, இருபத்து மூன்றாம் படத்தில் கை வரும்வரை விட்டுக் கொடுத்தார்.

"நாக்பூர் தெரியுதா?" என்று கத்தினார்.

அவள் நெற்றிக்கு மேல் கையை வைத்து வடக்கே பார்த்தாள்.

"இல்லீங்க," என்றாள். "தாராபுரம் வரைக்கும்தான் தெரியுது."

அவர் ப்ளீச் புட்டியின் மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டு, நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, மீதிப் பதின்மூன்று படத்தையும் விட்டார்.